கணித மெய்யியலைத் தனியாகப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு: திருகோணமலையிலிருந்து ஒரு வழிகாட்டி

உப்புவெளியில் வீட்டு விறாந்தையில் சாதாரணதரப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். நாலு வருடத்துக்கு முன் பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், முக்கோணியின்ர மூண்டு கோணத்தையும் கூட்டினா 180 பாகை எண்டு சொல்றீங்கள். எத்தினை முக்கோணியை அளந்து பார்த்து அதைக் கண்டுபிடிச்சவை?" பாகைமானி வைத்து அவள் அளந்ததில் 179 வந்திருந்தது, பக்கத்தில் இருந்த பொடியனுக்கு 182. அளந்து கண்டுபிடிக்கவில்லை பிள்ளை, நிறுவியிருக்கிறார்கள் என்றேன். "அப்ப அளக்காமலே எப்படித் தெரியும்?" என்று திருப்பிக் கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அந்தக் கேள்வியைப் படிக்கிற துறைக்குக் கணித மெய்யியல் என்று பெயர். கணித உண்மை எதைப் பற்றியது, அது நமக்கு எப்படித் தெரிகிறது, ஏன் அவ்வளவு உறுதியாகத் தெரிகிறது என்பதுதான் அதன் வேலை. நான் அதைத் தனியாகப் படிக்கப் புறப்பட்டு முதல் இரண்டு வருடத்தை வீணாக்கினேன். காரணம் ஒன்றுதான். பிளேட்டோவாதம், உருவவாதம், உள்ளுணர்வுவாதம் என்று 'வாதங்களின்' பெயர்ப் பட்டியலில் தொடங்கினேன். எந்த வாதம் எந்தக் கேள்விக்குப் பதில் என்று தெரியாமல் மனப்பாடம் செய்தது ஒன்றும் நிற்கவில்லை. பிறகு தலைகீழாக, ஒரு நிறுவலைக் கையால் எழுதுவதில் தொடங்கினேன், ஆறு மாதத்தில் நிலைமை மாறியது. அந்த ஒழுங்கைத்தான் கீழே எழுதுகிறேன். சாதாரணதரக் கணிதம் போதும். வாரம் ஐந்து மணித்தியாலம் ஒதுக்க முடிந்தால் உங்களுக்கும் ஆறு மாதம் சரியாக இருக்கும்.

1. ஒரு கேள்வியை எழுதித் திகதி போடுங்கள்

முதல் நாளே செய்யுங்கள், அரை மணித்தியாலம் போதும். ஒரு கொப்பியின் முதல் பக்கத்தில் உங்களை உறுத்துகிற ஒரே ஒரு கேள்வியை எழுதி, அதன் கீழ் அன்றைக்கு உங்களுக்குத் தோன்றுகிற பதிலையும் எழுதுங்கள். பதில் பிழையாக இருந்தால் பரவாயில்லை, வெறுமையாக மட்டும் விடாதீர்கள்.

கேள்வி சின்னதாக இருக்கட்டும். 'கணிதம் என்றால் என்ன' என்று எழுதினால் எங்கும் போக முடியாது. 'முக்கோணியின் கோணத்தொகை 180 என்பது அளக்காமல் எப்படித் தெரியும்' என்று எழுதினால் போகலாம். 'முடிவிலி உண்மையில் இருக்கிறதா', 'மறை எண்ணை மறை எண்ணால் பெருக்கினால் நேர் எண் வருவது யாராவது எடுத்த முடிவா, கண்டுபிடித்த உண்மையா' என்பனவும் நல்ல கேள்விகள். அந்தக் கடைசிக் கேள்வியோடு தொடங்கிய ஒருவரை எனக்குத் தெரியும், அவர் என்னை விட வேகமாக முன்னேறினார்.

2. வாங்க வேண்டியதும் வாங்கக் கூடாததும்

என் முதல் வருடத்தில் வெளிநாட்டிலிருந்து இரண்டு புத்தகம் தருவித்தேன். தபாற் செலவும் சேர்த்து இருபத்தையாயிரம் ரூபாய்க்கு மேல் போயிற்று, வந்து சேர ஏழு வாரம். இரண்டும் பட்டப்பின் படிப்புக்கானவை, இன்னும் பாதிதான் விளங்குகிறது. நீங்கள் முதல் ஆறு மாதத்துக்கு ஒரு புத்தகமும் வாங்காதீர்கள்.

வேண்டியவை இவ்வளவுதான்: கட்டம் போடாத பெரிய சி.ஆர். கொப்பி ஒன்று, கவராயம், அடிமட்டம், பழைய பத்தாம் பதினோராம் ஆண்டுக் கணிதப் புத்தகங்கள் (அயல் வீட்டுப் பிள்ளையிடம் இருக்கும்), இணையம் உள்ள ஒரு கைப்பேசி. இரண்டாம் தடவை என் மொத்தச் செலவு நிழற்படியும் டேட்டாவும் சேர்த்து ஐயாயிரம் ரூபாயைத் தாண்டவில்லை.

இலவசமாகக் கிடைப்பவற்றில் மூன்றைச் சொல்கிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மெய்யியல் கலைக்களஞ்சியம் இணையத்தில் முழுவதும் இலவசம், கணித மெய்யியலுக்குத் தனிக் கட்டுரை இருக்கிறது. பெர்ட்ரண்ட் ரசல் 1918இல் சிறையில் இருந்தபோது எழுதி 1919இல் வெளிவந்த கணித மெய்யியல் அறிமுகம் இலவச மின்னூல்கள் தரும் குட்டன்பெர்க் தளத்தில் இருக்கிறது, இறக்கி வைத்துக்கொண்டால் மின்சாரம் இல்லாத நேரத்திலும் வாசிக்கலாம். தமிழில் பழைய அளவையியல் (தர்க்க) நூல்கள், இலங்கைச் சஞ்சிகைகள் தேடுபவர்களுக்கு 'நூலகம்' என்ற இணையத்தளம் இருக்கிறது.

ஊர் நூலகத்தில் அங்கத்தவராவதற்குப் போகும்போது அடையாள அட்டையின் மூலப்பிரதியும் நிழற்படியும், வதிவிடத்தை உறுதிப்படுத்தும் கிராம சேவகர் கடிதமும் கையோடு கொண்டு போங்கள். நான் நிழற்படியை மட்டும் கொண்டுபோய் ஒரு நாளைத் தொலைத்தேன். கிராம சேவகர் அலுவலகத்தில் இருக்கும் நாளை முதலில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

3. சொற்களுக்குக் கடைசிப் பக்கத்தை ஒதுக்குங்கள்

இது சிறிய வேலை, ஆனால் தவிர்த்தால் மாதக்கணக்கில் குழம்புவீர்கள். இலங்கைப் பாடப் புத்தகத் தமிழும் தமிழ்நாட்டுத் தமிழும் கணிதத்தில் பல இடத்தில் பிரிகின்றன. நாம் தொடை என்பதை அங்கே கணம் என்பார்கள். நமக்கு முதன்மை எண், அவர்களுக்குப் பகா எண். நாம் நிறுவல் என்கிறோம், அங்கே நிரூபணம். மெய்யியல் அங்கே தத்துவம் ஆகிவிடும். தேடும்போது இரண்டு சொல்லையும் போட்டுத் தேடாவிட்டால் இருக்கும் கொஞ்சத் தமிழ்க் கட்டுரைகளில் பாதி உங்கள் கண்ணில் படாது. ஒவ்வொரு சொல்லையும் இரண்டு வடிவிலும், ஆங்கிலச் சொல்லோடும் எழுதி வையுங்கள். என் பட்டியல் இப்போது இருநூறு சொல்லைத் தாண்டிவிட்டது.

4. மூன்று நிறுவல்களைக் கைப்பட எழுதுங்கள்

முதல் ஆறு வாரம் இதற்கு மட்டும். மெய்யியல் கட்டுரை ஒன்றையும் திறக்காதீர்கள். பொறுமை இழப்பீர்கள், எனக்குத் தெரியும், ஆனால் இங்கே செலவழிக்கும் நேரம்தான் பின்னால் எல்லாவற்றையும் தாங்கும்.

முதலாவது, முக்கோணி. உச்சியினூடாக அடிக்குச் சமாந்தரமாக ஒரு கோடு வரையுங்கள். ஒன்றுவிட்ட கோணங்கள் சமம் என்பதால் அடியிலுள்ள இரண்டு கோணமும் உச்சிக்கு ஏறி வந்து, உச்சிக் கோணத்தோடு சேர்ந்து ஒரு நேர்கோட்டை நிரப்பும். முடிந்தது. இப்போது நிறுத்தி, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் 'இது ஏன்' என்று எழுதுங்கள். ஒன்றுவிட்ட கோணங்கள் ஏன் சமம்? அதைக் கேட்டுக்கொண்டே கீழே இறங்கினால் யூக்கிளிட்டின் ஐந்தாவது எடுகோளில், சமாந்தரக் கோடு பற்றிய எடுகோளில், போய் முட்டுவீர்கள். அதற்குக் கீழே படி இல்லை. அந்த இடத்தைச் சிவப்புப் பேனையால் வட்டமிடுங்கள், பின்னால் திரும்பி வருவோம்.

இரண்டாவதைக் கடற்கரையில் செய்தேன், நீங்களும் அப்படியே செய்து பாருங்கள். மாலையில் டச் பே பக்கம் போய் ஈர மணலில் பக்கம் இரண்டு அடியாக ஒரு சதுரம் வரையுங்கள். பரப்பு 4. இதன் இரண்டு மடங்கு பரப்புள்ள சதுரம் வேண்டும், அதாவது 8. பக்கத்தை இரட்டித்தால் 16 ஆகிவிடும், மூன்று அடியாக்கினால் 9. மூலைவிட்டத்தின் மேல் சதுரம் வரையுங்கள்: மூலைவிட்டம் சதுரத்தை இரண்டு முக்கோணியாக வெட்டுகிறது, புதிய சதுரத்துக்குள் அதே மாதிரி நாலு முக்கோணி அடங்குகிறது. ஆகவே சரியாக இரண்டு மடங்கு. பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் சோக்கிரட்டீசு படிக்காத ஓர் அடிமைச் சிறுவனிடம் கேள்வி மட்டும் கேட்டு இந்த முடிவுக்குக் கொண்டுவருகிறார். அவன் இதை எங்கிருந்து அறிந்தான் என்பது அங்கே எழுகிற கேள்வி.

நான் மணலில் வரைந்த சதுரம் கோணலாக இருந்தது, ஒரு பக்கத்தை அலை தின்றுவிட்டது. ஆனால் நிறுவலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கோணல் சதுரத்தை விரலால் காட்டிக்கொண்டே கோணல் இல்லாத ஏதோ ஒன்றைப் பற்றி முழு உறுதியோடு பேசிக்கொண்டிருந்தேன். அந்த ஏதோ ஒன்று என்ன, அது எங்கே இருக்கிறது? புத்தகத்தில் பத்துத் தடவை வாசித்தும் பிடிபடாத கேள்வி அன்றைக்குத்தான் எனக்கு நெஞ்சில் இறங்கியது.

மூன்றாவது, முதன்மை எண்களுக்கு முடிவில்லை என்பது. எந்த முதன்மை எண் பட்டியலை யார் தந்தாலும், அவற்றை எல்லாம் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள். வருகிற எண்ணைப் பட்டியலில் உள்ள எதனால் வகுத்தாலும் மீதி 1. ஆகவே அதை வகுக்கிற முதன்மை எண் பட்டியலுக்கு வெளியே இருக்க வேண்டும். இங்கே ஒரு பொறி உண்டு, ஆசிரியர்களே விழுகிறார்கள்: பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவது எப்போதும் முதன்மை எண் என்று நினைத்துவிடுவது. 2, 3, 5, 7, 11, 13 ஆகியவற்றைப் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 30031. அது 59 தடவை 509. நிறுவல் அப்படிச் சொல்லவே இல்லை, நாமாகச் சேர்த்துக்கொண்டது. நிறுவல் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பிரிக்கப் பழகிவிட்டால் பாதித் தூரம் கடந்தாயிற்று.

5. உடைந்த விதிகளைச் சேகரியுங்கள்

அடுத்த மூன்று வாரம் இதற்கு. பல தடவை சரியாக வந்து பிறகு உடைகிற விதிகளைத் தேடிப்பிடித்து ஒவ்வொன்றையும் நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். வாசித்துவிட்டுப் போவதால் பயன் இல்லை.

முதலில் நம் வீட்டுப் பண்டம். செங்கோண முக்கோணியின் செம்பக்கத்தைக் காண வர்க்கமூலம் வேண்டாம், நீண்ட பக்கத்தில் எட்டில் ஏழு பங்கையும் சின்னப் பக்கத்தில் பாதியையும் கூட்டினால் போதும் என்று ஒரு பழைய தமிழ் விதி கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது, உங்களுக்கும் வந்திருக்கும். 3, 4 போட்டால் 5 வருகிறது. 5, 12 போட்டால் 13. ஆச்சரியமாக இருக்கும். 8, 15 போடுங்கள், 17 வர வேண்டிய இடத்தில் 17.125 வருகிறது. 7, 24 போட்டால் 25க்குப் பதிலாக 24.5. கூரை போடுகிற தச்சனுக்கு இது அருமையான விதி, அந்த அளவு பிழை அவருக்கு உறைக்காது. வர்க்கமூலம் இல்லாமல் இவ்வளவு கிட்ட வந்தவரின் கெட்டித்தனத்தை நான் மதிக்கிறேன். ஆனால் இதைத் தேற்றம் என்று பகிர்கிறவர்களுக்கு அண்ணளவுக்கும் நிறுவலுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துச் சொல்ல வேண்டும், அதைச் சொல்வதால் தமிழுக்கு ஒரு குறையும் வராது.

அடுத்து, n இன் வர்க்கத்தோடு n ஐயும் 41 ஐயும் கூட்டுங்கள். n பூச்சியத்திலிருந்து 39 வரை எல்லாமே முதன்மை எண். 40இல் 1681 வரும், அது 41 தடவை 41. அப்புறம் வட்டத்தில் புள்ளிகள்: இரண்டு புள்ளியை இணைத்தால் 2 துண்டு, மூன்றை இணைத்தால் 4, நாலுக்கு 8, ஐந்துக்கு 16. ஆறு புள்ளிக்கு 32 என்று எல்லோரும் சொல்வார்கள். எண்ணிப் பாருங்கள், அதிகபட்சம் 31தான்.

கடைசியாக ஒன்று, இதைக் கையால் செய்ய முடியாது. 1919இல் கணிதவியலாளர் பொல்யா ஓர் ஊகத்தை வைத்தார்: 1ஐ விடப் பெரிய எந்த எண் வரை எடுத்தாலும், ஒற்றை எண்ணிக்கையில் முதன்மைக் காரணிகள் (திரும்ப வருபவற்றையும் சேர்த்து எண்ணினால்) உள்ள எண்கள் பாதிக்குக் குறையாது. பார்த்த இடமெல்லாம் சரியாக இருந்தது. 1958இல் அது பிழை என்று நிறுவப்பட்டது. அது முதன்முதலாக உடைகிற இடம் 90,61,50,257. தொண்ணூறு கோடிச் சாட்சி ஒரு பக்கம் நின்றும் விதி பொய்யாகப் போயிற்று.

இதற்குப் பக்கத்தில் கோல்ட்பாக்கின் ஊகத்தை எழுதுங்கள். 2ஐ விடப் பெரிய ஒவ்வோர் இரட்டை எண்ணும் இரண்டு முதன்மை எண்களின் கூட்டுத்தொகை என்பது அது. 1742இலிருந்து நிற்கிறது, 40,000 கோடி கோடி வரை கணினியால் சரிபார்த்திருக்கிறார்கள், நிறுவல் இல்லை. ஆகவே அது தேற்றம் இல்லை. விஞ்ஞானத்தின் எந்தப் பிரிவிலும் இவ்வளவு சாட்சி இருந்தால் பேச்சு முடிந்திருக்கும். கணிதத்தில் ஏன் முடியவில்லை? உங்கள் கொப்பியில் இந்தக் கேள்விக்கு ஒரு முழுப் பக்கம் விடுங்கள்.

6. எண் எங்கே இருக்கிறது என்று ஊருக்குள் தேடுங்கள்

நான்கு வாரம். இங்கேதான் உண்மையான மெய்யியல் தொடங்குகிறது, இதற்கு நம் ஊர் நல்ல இடம்.

கோட்டைப் பக்கம் போனால் புள்ளிமான்கள் நிற்கும். ஒரு கூட்டத்தைப் பார்த்து 'எத்தனை' என்று உங்களையே கேளுங்கள். ஒரு கூட்டம். ஏழு மான். இருபத்தெட்டுக் கால். எதிரே நிற்பது அதே பொருள்தான், எண் மட்டும் மாறுகிறது. நிறம் அப்படி மாறாது, எடை மாறாது. ஆகவே எண் என்பது பொருளின் பண்பாக இருக்க முடியாது, 'மான்', 'கால்' என்று நாம் எந்தக் கருத்தின் கீழ் எண்ணுகிறோமோ அந்தக் கருத்தோடு ஒட்டியது என்று ஜெர்மன் கணிதவியலாளர் பிரெகே 1884இல் காட்டினார். அவர் சீட்டுக்கட்டை வைத்துச் சொன்னார். எனக்கு மான்களோடுதான் விளங்கியது.

பிறகு கன்னியாவுக்குப் போங்கள். அங்கே வெந்நீர்க் கிணறுகள் ஏழு. ஏழு என்ற எண் அங்கே இருக்கிறதா? கிணறுகளை மூடிவிட்டால் ஏழு அழியுமா? அழியாது என்று உடனே சொல்வீர்கள். அப்படியென்றால் ஏழு இடத்துக்கும் காலத்துக்கும் வெளியே, எதனாலும் தொடப்படாமல் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறீர்கள், அதைத்தான் பிளேட்டோவாதம் என்கிறார்கள். நம்மில் பெரும்பாலானோர் தெரியாமலே பிளேட்டோவாதிகள். சரி, அடுத்த கேள்வி: எதையும் தொடாத, எதனாலும் தொடப்படாத ஒன்று உங்கள் தலைக்குள் எப்படி வந்தது? மானைக் கண்ணால் கண்டேன், வெந்நீரைக் கையால் தொட்டேன். ஏழு என்ற எண்ணை எதனால் அறிந்தேன்? 1973இல் அமெரிக்க மெய்யியலாளர் பெனசெராஃப் இந்த இக்கட்டைத் தெளிவாக வைத்தார். கணித வாக்கியம் உண்மையாவது எப்படி என்பதற்கு நல்ல பதில் சொன்னால், அது நமக்குத் தெரிவது எப்படி என்பது மர்மமாகிவிடுகிறது. தெரிவதற்கு நல்ல பதில் சொன்னால் உண்மை கைநழுவுகிறது. இந்தத் துறையில் இன்றைக்கும் நடக்கிற சண்டைகளில் பெரும்பங்கு இந்த இடத்தைச் சுற்றித்தான்.

இன்னொன்றும் அவருடையது, 1965. உறுப்பே இல்லாத வெறுந்தொடையிலிருந்து எண்களைக் கட்டலாம், ஆனால் கட்டும் வழி ஒன்று மட்டும் இல்லை. ஒரு வழியில் 2 என்பது ஓர் உறுப்புள்ள தொடை, இன்னொரு வழியில் இரண்டு உறுப்புள்ள தொடை. இரண்டிலும் 2+2=4 பிசகாமல் வரும். அப்போது எது அசல் 2? இதை ஒரு மாலை முழுக்க யோசியுங்கள், பதிலைத் தேடி வாசிக்க ஓடாதீர்கள்.

7. இப்போது வாதங்களுக்குப் போகலாம்

ஒரு வாதத்துக்கு ஒரு வாரம். ஒவ்வொன்றுக்கும் அதே மூன்று கேள்வியைக் கேளுங்கள்: எண் இருக்கிறதா, நமக்கு எப்படித் தெரியும், கணிதத்தில் வழக்கமாக ஏற்கும் நிறுவல் எதையாவது இது கைவிடச் சொல்கிறதா. கடைசிக் கேள்விதான் வாதங்களைப் பிரித்துக் காட்டும்.

அளவையியல்வாதம், கணிதம் முழுவதும் அளவையியலில் இருந்தே வரும் என்கிறது. பிரெகே தன் பெரிய நூலின் இரண்டாம் பாகம் அச்சில் இருந்தபோது 1902 ஜூன் 16இல் ரசல் எழுதிய ஒரு கடிதத்தைப் பெற்றார். தன்னைத் தானே உறுப்பாகக் கொள்ளாத தொடைகள் எல்லாவற்றையும் சேர்த்த தொடை, தனக்குள் இருக்கிறதா? இருக்கிறது என்றாலும் முரண், இல்லை என்றாலும் முரண். நூலகத்தில் தங்கள் பெயரைத் தங்களுக்குள் சேர்க்காத பட்டியல்களுக்கு ஒரு பட்டியல் தயாரிப்பதாக நினைத்துப் பார்த்தால் சுலபமாக விளங்கும். ரசலும் வைட்ஹெட்டும் பிறகு அதைச் சரிக்கட்ட எழுதிய நூலில் 1+1=2 என்பதை 379ஆம் பக்கத்தில் நிறுவினார்கள் என்று அடிக்கடி கேள்விப்படுவீர்கள். 1910இல் வந்த முதற்பாகத்தின் அந்தப் பக்கத்தில் இருப்பது, கூட்டலை வரையறுத்த பிறகு இதிலிருந்து 1+1=2 வரும் என்ற குறிப்பு மட்டும்.

உள்ளுணர்வுவாதம் கணிதத்தை மனம் கட்டுகிற ஒன்றாகப் பார்க்கிறது. இதில் கொஞ்சம் நில்லுங்கள், ஏனென்றால் இது உண்மையிலேயே வழக்கமான நிறுவல்கள் சிலவற்றில் கைவைக்கிறது. ஒரு கூற்று உண்மை, அல்லது அதன் மறுப்பு உண்மை என்ற விதியை முடிவிலிக்குப் பயன்படுத்தக் கூடாது என்றார் டச்சுக் கணிதவியலாளர் பிரவுவர். ஏன் என்று காட்ட ஓர் உதாரணம். விகிதமுறா எண்ணை விகிதமுறா எண்ணால் அடுக்கேற்றினால் விகிதமுறு எண் வருமா? 2இன் வர்க்கமூலத்தை அதே வர்க்கமூலத்தால் அடுக்கேற்றுங்கள். அது விகிதமுறு என்றால் வேலை முடிந்தது. இல்லையென்றால், அந்த எண்ணையே மறுபடியும் 2இன் வர்க்கமூலத்தால் அடுக்கேற்றுங்கள், விடை 2. எப்படியும் உதாரணம் கிடைத்துவிட்டது, ஆனால் இரண்டில் எது என்று இந்த நிறுவல் சொல்லவே இல்லை! பிரவுவரின் வழிவந்தவர்கள் இதை நிறுவலாக ஏற்க மாட்டார்கள். எனக்கு முதலில் இது வீண் பிடிவாதமாகத் தெரிந்தது. 'பொருள் இந்த வீட்டில் அல்லது அந்த வீட்டில் இருக்கிறது' என்று சொல்லிவிட்டுப் போகிறவரிடம் பொருளைக் கொண்டுவந்து காட்டு என்று கேட்பது நியாயம்தானே என்று இப்போது படுகிறது.

உருவவாதத்துக்கு (கணிதம் என்பது விதிப்படி குறியீடுகளைக் கையாள்வது என்ற நிலைப்பாட்டுக்கு) இரண்டு நாள் போதும். இந்த வாதத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஜெர்மன் கணிதவியலாளர் ஹில்பெர்ட்டைக் குறியீட்டு விளையாட்டு என்ற ஒரு வரியில் அடக்குகிற கட்டுரைகளை நம்பாதீர்கள், அவருக்கு வேண்டியிருந்தது முரண் வராது என்பதற்கு ஓர் உறுதி.

மிச்ச நாட்களில் ஒரு புதிய கேள்வியைப் பாருங்கள். எந்த வரைபடத்தையும், எல்லையைப் பகிரும் பகுதிகள் ஒரே நிறமாகாமல், நாலு நிறத்தால் தீட்டலாம் என்ற தேற்றம் 1976இல் கணினி உதவியோடு நிறுவப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனித்தனி வடிவங்களை இயந்திரம் சோதித்தது, மனிதர் யாரும் அதை வரிவரியாக வாசித்து முடிக்க முடியாது. 2005இல் நிறுவல் சரிபார்க்கும் மென்பொருளால் முழுவதும் சரிபார்த்தார்கள். அப்போது அந்தத் தேற்றம் நமக்குத் தெரியுமா, இயந்திரத்தை நம்புகிறோமா? உங்கள் மூன்று நிறுவலையும் எழுதியபோது இருந்த 'தெரிகிறது' என்ற உணர்வோடு வைத்துப் பாருங்கள்.

8. கோடலிடம் அவசரப்படாதீர்கள்

இந்தத் துறையில் மிக மோசமான பொறி இதுதான். காணொளிகளில் அளவையியலாளர் கோடலின் பெயரைச் சொல்லி, கணிதம் உடைந்துவிட்டது, எதையும் உறுதியாக அறிய முடியாது, ஆகவே நான் சொல்லும் கடவுளை நம்பு என்று வரை போகிறார்கள். 1931இல் அவர் நிறுவியது, 1936இல் ரொசர் கூர்மையாக்கிய வடிவில், திட்டமானது: எண்கணிதத்தைப் போதிய அளவு உள்ளடக்கிய, முரணற்ற, வெளிப்படையுண்மைகளை (தொடக்க எடுகோள்களை) இயந்திரம் போல அடையாளம் காணக்கூடிய எந்த முறைமையிலும், அதற்குள் நிறுவவும் மறுக்கவும் முடியாத ஒரு கூற்று இருக்கும். 'போதிய அளவு' என்பதைக் கவனியுங்கள். கூட்டல் மட்டும் உள்ள எண்கணிதத்துக்கு இது பொருந்தாது, அது முழுமையானது என்று 1929இல் பிரஸ்பர்கர் காட்டினார்.

இன்னொரு குழப்பம்: முழுமைத் தேற்றம், முழுமையின்மைத் தேற்றம் இரண்டும் கோடலுடையவைதான். முன்னது அளவையியல் விதிகளைப் பற்றியது, பின்னது எண்கணித முறைமைகளைப் பற்றியது. இரண்டிலும் 'முழுமை' என்ற சொல்லுக்குப் பொருள் வேறு. உங்கள் சொற்பட்டியலில் தனித்தனியாக எழுதுங்கள். நிறுவலை முழுதாகப் படிக்கக் குறைந்தது மூன்று மாதம் தனியாக வேண்டும், இந்த ஆறு மாதத்துக்குள் திணிக்காதீர்கள்.

9. முறையாகப் படிக்க விரும்பினால்

உயர்தரம் செய்யப்போகிறவர்களுக்கு அளவையியலும் விஞ்ஞான முறையும் என்ற பாடம் தமிழில் இருக்கிறது. பரீட்சைக்குப் போகாவிட்டாலும் அதன் கடந்தகால வினாத்தாள்களை வாங்கிச் செய்து பார்க்கலாம். பட்டப்படிப்பு என்றால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் துறை இருக்கிறது, பேராதனையிலும் இருக்கிறது. அனுமதி உயர்தர இசட் புள்ளியின்படி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாக. ஒவ்வொரு வருடமும் வருகிற அவர்களின் கைந்நூலை வாங்கியதும் முடிவுத் திகதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

ஆவணங்களில் நம்மவர்களைக் கவிழ்ப்பது பெயர். பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு மாதிரி. ஒரு பகுதிநேர வகுப்பில் சேரப் போன இடத்தில் என் பெயரில் ஓர் எழுத்துக் கூடியிருந்ததற்காக மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள், அந்த வருட அனுமதியே போய்விட்டது. விண்ணப்பிக்க இரண்டு மாதத்துக்கு முன்பே மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, உறுதிப்படுத்திய பிரதி மூன்று எடுத்து வையுங்கள்.

பேச ஓர் ஆள் கிடைத்தால் பட்டப்படிப்பை விட அது முதல் வருடத்தில் பெரிய உதவி. மெய்யியல் தெரிந்தவராக இருக்கத் தேவையில்லை. நான் வாரத்தில் ஒரு நாள் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவரோடு கதைக்கிறேன், 'இது ஏன்' என்று அவர் விடாமல் கேட்கும் ஒவ்வோர் இடமும் நான் அரைகுறையாக விளங்கிக்கொண்ட இடம்.

10. முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள்

ஆறாம் மாத முடிவில், முதல் நாள் எழுதிய பதிலைப் பார்க்காமல் அதே கேள்விக்கு மறுபடியும் பதில் எழுதி, பிறகு இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டாம் தடவை நான் கொப்பியைத் தொடங்கிய அன்று, 'வரைந்து காட்டி நிறுவுவதால் தெரியும்' என்று ஒரே வரி எழுதியிருந்தேன். ஆறு மாதத்துக்குப் பின் எழுதியது இரண்டரைப் பக்கம். அதில் சிவப்பு வட்டமிட்ட சமாந்தர எடுகோள் இருந்தது, அதை ஏற்றால் 180 தப்பாமல் வரும் என்பது இருந்தது. ஏற்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் இருந்தது: வட துருவத்திலிருந்து நம் ஊரை ஒட்டிப் போகும் கிழக்கு நெடுங்கோடு 81 வழியாக மத்திய கோட்டுக்கு (பூமத்திய ரேகைக்கு) இறங்கி, அதன் வழியே மேற்கே பூமியின் காற்பங்கு தூரம் போய், மறுபடி துருவத்துக்கு ஏறினால் மூன்று கோணமும் செங்கோணம், கூட்டினால் 270. எடுகோளை ஏற்பதா விடுவதா என்பதை எது தீர்மானிக்கிறது என்ற இடத்தில் பதில் நின்றுவிட்டது, கீழே பாதிப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன்.

கேள்வி கேட்ட பிள்ளை இப்போது உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறாள். போன மாதம் வந்தபோது அந்தப் பக்கத்தைக் காட்டினேன். வாசித்துவிட்டு, 'நிறுவினால்' என்று நான் எழுதியிருந்த மூன்று இடத்திலும் பென்சிலால் கோடிட்டு, ஓரத்தில் 'யாருக்கு?' என்று எழுதிவிட்டுப் போனாள்.